நவம்பர் மாசத்துக் கல்யாணப் பூ

“கல்லறைப் பூவைக் கையில புடிச்சுக்கிட்டா நாளைக்குத் தாலி கட்டிக்கப் போற?”

மைசூர் டவுன் பஸ்ஸுல அந்தம்மா மககிட்ட இப்படிக் கேட்டதும், நான் கண்ணை ஜன்னல்ல வச்சேன், காதை அவங்ககிட்ட வச்சேன். பொண்ணு மடியில ஒரு கூடை வெள்ளைச் சாமந்தி.

“நவம்பர்ல மல்லி ஏதும்மா? இதுதான் பூத்திருக்கு.”

“காகிதப் பூ வாங்கச் சொன்னாங்களேடி உன் மாமியார்!”

“சாயம் போற பூ எனக்கு வேண்டாம்.”

“ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்குத்தான் இதே பூவை உங்கப்பா கல்லறையில வச்சோம். ஊரே வச்சுது. பாக்கறவங்க வாயை மூடிட்டிருப்பாங்களா?”

பொண்ணு கூடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

“கையைப் புடிச்சு மாதா கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக அப்பா இல்ல. அவருக்கு வச்ச பூவாவது வரட்டும்மா.”

“மாமியார் கேட்டா நான் சொல்லிக்கிறேன். கூடையை இப்படிக் குடு, நசுக்கிடப் போற.”