நிக்காஹ் நாளில் நெட் பெட்டி

மேலப்பாளையத்தில் புறப்பட்ட வண்ணார்பேட்டை பேருந்தில் ஓட்டுநர், நடத்துநர், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், பிறகு நான், ஆக ஐந்து பேர்தான். இவ்வளவு காலியாக ஓடுகிறதே, பாதியில் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண்களில் மூத்தவர் சொன்னார்:

"சட்டையக் கழட்டுன பொறவுதான் அது மூச்சு விட்டுச்சு."

"எது லாத்தா?" என்றாள் இளையவள்.

"வீட்டு நெட் பெட்டிதான். அன்னைக்கு மவளுக்கு நிக்காஹ். அவ வாப்பா கத்தார்ல இருந்து வீடியோவுல பாக்கணும். பெட்டி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா செத்துப்போவுது."

"சரி பண்ண ஆள் வரலியா?"

"திங்கக்கெழமதான் வருவானாம். தொட்டுப் பாத்தேன், தோசைக்கல்லா கொதிக்கு. தூசி படாம இருக்கட்டும்னு நாந்தான் சோபா துணி மிச்சத்துல உறை தச்சுப் போட்டிருந்தேன். அத உருவிட்டு ஃபேனுக்கு நேரா வச்சேன். செவப்பு லைட்டு பச்சையாயிட்டு."

"கத்தார்ல மச்சான் பாத்தாவளா?"

"முழுசும் பாத்தாவ. மாப்பிள்ள சம்மதம் சொல்லும்போது அங்கன அழுதாவ, இங்கன நாங்க அழுதோம்."

"பெரிய இஞ்சினியருதான், போங்க."

"கொழுந்தன் சபையில வச்சு கேலி பண்ணுனான், 'மைனி, நீங்க சரி பண்ணிட்டா ஆயிரம் ரூவா தாரேன்'னு. விடுவனா? முந்நூறு வாங்கிட்டேன். இன்னும் எழுநூறு வரணும்."