பிலிமைப் பிடித்த விரல்கள்

தம்பி இப்ராஹிம் அவர்களுக்கு,

உங்கள் அக்கா காமாரியாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. என் பல் வைத்தியசாலைக்கு ஒரு பெண் ஆள் தேடியபோது அவளைச் சேர்த்ததற்கு அதுதான் முதல் காரணம். விரலும் நகமும் எப்போதும் சுத்தமாக இருக்கும். அவளை அடக்கம் செய்த மறுநாள், தைப்பிங்கிலிருந்து வந்த நீங்கள் என் எதிரே உட்கார்ந்தீர்கள். அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் சொல்லி அழுததைச் சொன்னீர்கள். இரண்டு கைகளும் எப்படி அந்தக் கதிக்கு வந்தன என்று கேட்டீர்கள். நான் தேநீர் வரவழைத்தேன், பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எக்ஸ்ரே மெசினை 1926-இல் வாங்கினேன். பினாங்கு தெருவில் நம் ஆட்களில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. பல்லின் வேரைப் படம் எடுக்க வேண்டுமானால், தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பிலிமை வாய்க்குள் வைத்து, பல்லோடு ஒட்டி யாராவது விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் முக்காட்டை விலக்கவே கூசுவார்கள். அந்நிய ஆணின் விரலை வாய்க்குள் விடுவார்களா? அதனால் பெண்களுக்குக் காமாரியா பிடித்தாள். ஆண்களுக்கு நானே பிடித்தேன்.

சில மாதங்களில் என் ஆள்காட்டி விரல் நுனி சிவந்து தோல் உரிந்தது. அதற்குப் பிறகுதான் மெசினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கடைசிவரை படித்தேன். பிலிமை நோயாளியே பிடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வைத்தியரோ வேலையாளோ தினமும் பிடித்தால் தோல் கெட்டு, ஆறாத புண்ணாகி, புற்றுநோயில் முடியலாம் என்றும் இருந்தது. புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காமாரியாவிடம், இனி ஆண்களுக்கும் நீயே பிடித்துவிடு என்றேன்.

அவள் தயங்கினாள். புருஷனை இழந்தவள், கண்ட ஆண்களின் வாயில் கை வைப்பது முறையா என்று கேட்டாள். வைத்தியத்தில் ஆண் என்ன, பெண் என்ன, பாவம் ஒன்றுமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நம் பெண்களின் கூச்சத்தை எனக்குத் தேவைப்பட்டபோது மதித்தேன், தேவைப்படாதபோது தள்ளி வைத்தேன். என்னை 'நானா' என்றுதான் அவள் கூப்பிடுவாள். கூடப்பிறந்த அண்ணன் சொன்னதாக எண்ணி ஒத்துக்கொண்டாள். இதை எழுதும்போது கூனிக்குறுகிப் போகிறேன்.

நோயாளியே பிடித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் அவர்களுக்குக் குமட்டும், அசைவார்கள், படம் கலங்கிவிடும். காமாரியா பிடித்தால் ஒரே தடவையில் கண்ணாடி மாதிரி விழும். ஆயர் ஈத்தாமிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். நான் சுவிட்சுக்கு நீளமான கம்பி போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

மூன்று வருஷத்தில் அவளுடைய நகங்கள் கோடு கோடாகப் பிளந்தன. பிறகு தோல் காய்ந்து வெடித்தது, மருக்கள் கிளம்பின. பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். உயர்ந்த களிம்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பல நாட்கள் என் கையாலேயே துணி சுற்றிவிட்டிருக்கிறேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல, தம்பி.

ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சுங்கை பினாங்கில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியான ரொஸ்னா அன்று பல்வலியோடு வந்திருந்தாள். என் மகள் சல்மாவுக்கு அப்போது பதினேழு வயது. நான் பிடிக்கிறேன் வாப்பா என்று பிலிமை எடுத்துவிட்டாள். அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். ரொஸ்னாவையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். படம் சுமாராகத்தான் விழுந்தது. ஆனால் வைத்தியம் செய்ய அது போதும்.

ரொஸ்னா கண்டதைச் சொல்லியிருக்கிறாள். வேலைக்குத் திரும்பிய காமாரியா நேராக என்னிடம் வந்தாள்.

"சல்மா கைய இழுத்து விட்டீங்களாமே நானா. இந்த மெசினாலதான் என் விரலு இப்படி ஆச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. சின்னப் புள்ள, கை நடுங்கும். படம் வீணாப் போயிடும்லா."

 நீங்கள் சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அன்றைக்குப் பதினொரு பேருக்குப் பிடித்தாள்.

1934-இல் பெரியாஸ்பத்திரியில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். துணைக்கு நான்தான் போயிருந்தேன். இவள் என்ன வேலை செய்கிறாள் என்று வெள்ளைக்கார டாக்டர் கேட்டார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. சமையல் வேலை என்று நான் சொன்னேன்.

புண் ஆறியதும் வைத்தியசாலைக்கு வந்தாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"என்னை நிறுத்திடாதீங்க நானா. இடது கை நல்லாத்தானே இருக்கு. அதுல பிடிக்கிறேன்."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதையாவது நீங்கள் நம்ப வேண்டும். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கையாவது தப்பியிருக்கும், அவளும் இன்று இருந்திருக்கக்கூடும். ஆனால் பிடிக்க வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். வலது கை எதனால் போனது என்பதையும் நான் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிலிமை எடுத்து அவளுடைய இடது கையில் கொடுத்தேன்.