ஆடிக் கடைசி மாலையும் ஆவணி முதல் முகூர்த்தமும்

பெயர்: நாகஜோதி. வயது: 34. த/பெ: காளை. முகவரி: விளாங்குடி, மதுரை.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து, தங்கப்பாண்டி என்பவர் நடத்தும் மண்டப முன்பதிவு நிறுவனத்தில் தரவுத்தளப் பொறுப்பாளராகப் பணிபுரிகிறேன். கல்லூரியில் பயிலவில்லை, இத்தொழிலை நானே கற்றுத் தேர்ந்தேன். பரவையிலுள்ள திருமண மண்டபத்தின் மேலாளர் பேச்சிமுத்து, ஒரே மாலைக்கு இரு தரப்பாருக்கும் வேண்டுமென்றே மண்டபத்தை வாடகைக்கு விட்டதாகக் கூறப்படும் வழக்கில் எனக்குத் தெரிந்ததைத் தெரிவிக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் இணைந்த மண்டபங்களின் பதிவுகள் அனைத்தும் முதலில் சர்வர் எனப்படும் ஒரே மையக் கணினியில் இருந்தன. முகூர்த்த மாதங்களில் நெருக்கடி மிகுந்து அது திணறவே, பதிவுகளைப் பல சர்வர்களுக்குப் பிரிக்க முடிவானது. ஒரு மண்டபத்தின் பதிவுகள் யாவும் ஒரே சர்வரில் இருக்குமாறு பிரிப்பதே முறை என்று நான் கூறினேன். அதற்குத் தங்கப்பாண்டி, "கூட்டம் மாசத்தைப் பாத்துத்தானம்மா வருது. ஆவணிக்குப் பெரிய மெஷினைப் போடு. ஆடியில எவன் கல்யாணம் வைக்கிறான்? அதுக்குப் பழைய மெஷினே போதும்" என்று சொல்லி, தமிழ் மாத வாரியாகப் பிரிக்க உத்தரவிட்டார். அதன் பிறகு அவ்வாறே பிரிக்கப்பட்டது.

எங்கள் பகுதியில் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலையே மண்டபத்தைப் பெண் வீட்டாரிடம் ஒப்படைப்பது வழக்கம். ஆவணி முதல் தேதிக்குக் கருத்தக்கண்ணன் தம் மகள் திருமணத்தைப் பதிவு செய்தபோது, முந்தைய மாலை காலியா என்று ஆவணி சர்வர் தன்னிடம் மட்டுமே தேடி, காலி என்று காட்டியது. அந்த மாலையோ ஆடி சர்வரைச் சேர்ந்தது. அதில் சங்கிலி என்பவரின் கிடாவெட்டு விருந்து ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பேச்சிமுத்துவின் திரையிலும் மாதங்கள் தனித்தனியாகவே தெரியும்.

சம்பவத்தன்று மாலை பேச்சிமுத்து போனில், "அக்கா, உடனே வாங்க, என்னைய அடிச்சே கொன்றுவாய்ங்க போல" என்று அழைத்ததன் பேரில், ஸ்கூட்டரில் பரவைக்குச் சென்றேன். வாசலில் பெண் வீட்டார் சீர்த்தட்டுகளுடன் நின்றிருந்தனர். உள்ளே பந்தியில் கறிச்சோறு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணன், "விடிஞ்சாத் தாலி கட்டுற எடத்துல கறிக்கொழம்பா? எம்புட்டுடா வாங்குன?" என்று பேச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்தார். சங்கிலி, "அண்ணே, சாமிக்கு வெட்டுன கிடா. கோவிக்காம எலையில உக்காருங்க, ஒங்க வீட்டுச் சாம்பாருக்கு இது மோசமில்ல" என்றார். அதன் பிறகு தள்ளுமுள்ளு ஏற்பட்டு, குழம்பு அண்டா சாய்ந்து சங்கிலியின் காலில் கொட்டியது. அந்நேரத்தில் பேச்சிமுத்து, கறை படாதிருக்க மணப்பெண்ணின் பட்டுப்புடவைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அடி வாங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நான் இக்காவல் நிலையத்துக்கு வரும் முன் தங்கப்பாண்டி, "கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிட்டு வந்துரும்மா, வேலையில இருக்கணும்ல" என்றார். அதன் பிறகு ஆய்வாளர் முன்னிலையில் எங்கள் முன்பதிவுத் தளத்தைத் திறந்து கொடுத்தேன். வேறொரு மண்டபத்துக்கு, வைகாசிக் கடைசி மாலையில் ஒரு விருந்தையும் ஆனி முதல் தேதியில் ஒரு திருமணத்தையும் ஆய்வாளரே தம் கையால் பதிவு செய்தார். தளம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வெளியே பெஞ்சில் காலையிலிருந்து அமர்ந்திருக்கும் பேச்சிமுத்துவை ஆய்வாளர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நான் சொல்லக் காவலர் எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் "கம்ப்யூட்டர் கோளாறு" என்றிருந்ததை அடிக்கச் செய்து, "பிரித்த முறையின் தவறு" என்று எழுதச் செய்தேன். கம்ப்யூட்டர் தனக்கு இட்டதைச் செய்தது. பேச்சிமுத்து தம் திரையில் கண்டதைச் செய்தார். இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. எவர் முன்னும் இதையே கூறுவேன்.

(ஒப்பம்)
கா. நாகஜோதி