நடுக் கதிரை

ஹலோ… ஹலோ… ஆரு, ஹுஸ்னியா தங்கச்சியா? … வஅலைக்கும் ஸலாம். நான் முனீப். … ஓம், ஓம், அவர்தான், உங்கட மனிசன்ட சனிக்கிழமைக் கூட்டாளி. ஜவ்பர்ட போனை நீங்க எடுக்கிறீங்க, அவன் எங்க? … வெளியில போயிட்டானா. போனை விட்டுட்டு. … ஓ, சார்ஜில போட்டுட்டு. சரி சரி. தங்கச்சி, அங்க பின்னால இருமுறது ஆரு? … டீவியா. உங்கட டீவி ஜவ்பர் மாதிரியே இருமுது. … இல்ல, உங்கள ஒண்டும் சொல்லல்ல, அவன்தானே சொல்லித் தந்திருப்பான். போனைக் குடுங்க. … ஓம், நிக்கிறன்.

ஆ, வாடா மச்சான். டீவிக்குள்ள இருந்து இறங்கி வந்திட்டியா. … ஒளிக்கல்லையா? நேத்து ராவில இருந்து எடுக்கிறன், அடிக்குது, அடிக்குது, ஆளில்ல. என்னைப் பேய்க்காட்டாத. … சரி, விடு. ஒரே ஒரு கேள்வி. நேத்து நிக்கலஸ் அண்ணன்ட வீட்டில நடுக் கதிரையில இருந்தது ஆரு? … நான். அதுக்கு முந்தின சனிக்கிழமை? … நான். அதுக்கும் முந்தி? … நான்தான். ஏன்? … சும்மாவா. சும்மா ஒண்டும் நடக்காது மச்சான்.

இல்ல, நீ கேள். அந்தக் கதிரைக்கு நாங்க மூண்டு பேரும் பட்ட சண்டை மறந்து போச்சா? சுத்திவர ஸ்பீக்கர் பொக்ஸ் பூட்டினது நீ. பழைய ரொக் அல்பங்களப் புதுசாக் கலந்து, முன்னால, பின்னால, எல்லாப் பக்கமும் இருந்து வாற மாதிரிச் செஞ்சிருக்கிறானுகள், நடுவில இருந்து கேட்டாத்தான் கேள்வி எண்டு சொன்னதும் நீ. ஓரத்தில இருந்தா அரைவாசிதான் எண்டு சொன்னாயா இல்லையா? … ஓம். அல்பத்துக்கு ஒராள் எண்டு முறை வச்சது நிக்கலஸ் அண்ணன். கனடாவில இருந்து வந்த சொந்த மாமனாரையே, ‘மாமா, இண்டைக்கு என்ட முறை’ எண்டு ஓரத்து வாங்கில இருத்தின மனிசன். அப்பிடிப்பட்ட ஆள் தன்ட முறையை எனக்குத் தாறார். அதப் பாத்திட்டு நீயும் தாறாய். … மரியாதையா? எனக்கா? இவ்வளவு காலம் எங்க போயிருந்தது அந்த மரியாதை?

நான் துறைமுக ஒபிஸில என்ன வேலை பாக்கிறன் எண்டு தெரியும்தானே. … சொல்லன். … ஓம். கப்பல் இழுக்கிற எந்த டக் போட்டுக்கு ஆர் கப்டன் எண்டு போடுறது நான். இப்ப புது டக் போட் வந்து ஜெட்டியில நிக்குது. அதுக்கு ஆள் போட வேணும். … என்ன, நிக்கலஸ் அண்ணன் கேக்கல்லையா? அது எனக்குத் தெரியும். மற்றக் கப்டன்மார் எல்லாரும் கேட்டாச்சு. அவர் மட்டும் வாய் திறக்கல்ல. அதுதான் எனக்கு இடிக்குது. மற்ற ஆக்கள் வாயால கேக்கிறாங்க, இவர் கதிரையால கேக்கிறார்.

… விசரா எனக்கு? அப்ப இறால் வடை? முந்தி அந்த வீட்டில என்ன தந்தவங்க? பிளேன்டீ, ரெண்டு விசுக்கோத்து. இப்ப அவர்ட மனிசி ஞானமலர் அக்கா குசினிக்குள்ள நிண்டு வடை சுடுறா. … நீயும் திண்டாய்தான், ஆனா தட்டு முதல்ல ஆர் பக்கம் வந்தது? … ஆ. வெள்ளிக்கிழமை எங்கட ஒபிஸ் கிளாக், டிலுக்ஷன், என்னட்ட வந்து கேக்கிறான், ‘சேர், நாளைக்குச் சங்கீதமா’ எண்டு. சிரிச்சுக்கொண்டு கேக்கிறான். ஏன் சிரிக்கிறான்? ஒபிஸில ஒரு கதை ஓடுது மச்சான். முனீபை ஒரு கதிரையில இருத்தினா காணும், வேலை முடிஞ்சுது எண்டு. இவ்வளவு காலமும் ஒருத்தன்ட டீ கூட வாங்கிக் குடிக்காம இருந்தவன் நான்.

இன்னொண்டு சொல்றன். பாட்டு ஓடேக்க அவர் பாட்டையா கேக்கிறார்? இல்ல. என்ட மூஞ்சையப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நீ கண்ண மூடிக்கொண்டு தொடையில ட்ரம் அடிப்பாய், உனக்கு ஒண்டும் தெரியாது. நான் கண்ணத் திறந்தா அவர் என்னையே பாக்கிறார். பின்னால மூலையில கிட்டார் தொடங்கினா என்ட தலை தானாத் திரும்பும், உடன அவர்ட கண்ணும் அங்க போகும். பாட்டு முடிஞ்சோடன சோதினை வேற. ‘முனீப், ஓர்கன் எங்க இருந்து வந்தது? அந்தக் குரல் எந்தப் பக்கத்தால போனது?’ நான் சொன்னா, ‘காதெண்டா உங்கட காதுதான்’ எண்டு ஒரு புகழ்ச்சி. அவர் சின்ன வயசில இருந்து கேசட் தேயத் தேயக் கேட்ட அல்பம் அது. எங்க என்ன வருதெண்டு என்னட்டயா கேக்க வேணும்? இது ஆளைப் பிடிக்கிற வேலை இல்லாம வேற என்ன?

… சத்தம் போடாத. … அவர் அப்பிடிப்பட்ட ஆளில்லையா. அப்ப எப்பிடிப்பட்ட ஆள்? … சரி, நான் முடிவெடுத்திட்டன். நாளைக்கு மனேஜரிட்டப் போய்ச் சொல்லப்போறன், நிக்கலஸ் என்னை வளைச்சுப் பிடிக்கப் பாக்கிறார், இனி அவர்ட விசயம் ஒண்டையும் நான் தொட மாட்டன் எண்டு. … ஏன், ஏன் சொல்லக்கூடாது? … பாவமா. ஆர் பாவம்? … சத்தியம் பண்ணாத ஜவ்பர். … என்ன சொன்னாய்? ‘சொல்ல ஏலாது’ எண்டா சொன்னாய்? அப்ப சொல்லுறதுக்கு ஏதோ இருக்கு. நான் நினைச்சது சரி.

இரு… இரு இரு. நோன்பு முடிஞ்ச கையோட நான் ஒருநாள் அவர்ட வீட்டுக்கு நேரத்துக்கு முந்தியே போனன். நீ அந்த இடப்பக்கப் பின் பொக்ஸைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டு நிண்டாய். என்னைக் கண்டோடன ரெண்டு பேரும் வாயை மூடிட்டீங்க. என்ன பிழை அதில? … ஒண்டும் இல்லையா. பிழை இல்லாததை ஏன் கழட்டினாய்? … அவர் சத்தம் வரல்ல எண்டு சொன்னவரா. எனக்கு வந்ததே. … உனக்கும் வந்தது. … வயரும் மாத்தினாயா. … வேற பொக்ஸும் வச்சுப் பாத்தாயா. … அப்பவும் அவருக்கு மட்டும் வரல்ல. … கதிரையத் திருப்பி வச்சாயா? சரி, திருப்பி வச்சு? … மற்றப் பக்கப் பொக்ஸ் செத்துப் போச்சு எண்டு சொன்னாரா.

பொக்ஸ் நல்லம். வயர் நல்லம். கதிரையத் திருப்பினா பிழையும் சேந்து திரும்புது…

ஜவ்பர்.

லைன்ல நிக்கிறியா?

… எந்தக் காது?

… இடது. … எவ்வளவு காலமா? … தெரியாதா அவருக்கே. … ஓம், ஓம், கப்டனாக முந்தி எஞ்சின் ரூமில கிடந்த காது, கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். நீ கதிரையத் திருப்பின அண்டைக்குத்தான் தெரிஞ்சுதா. … அழுதவரா. … ஞானமலர் அக்காவுக்கு? … தெரியும். உனக்கும் தெரியும். ஹுஸ்னியாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் வடை.

… ஓம், விளங்குது. ஒரு காதால கேட்டா நடுவும் ஒண்டுதான், ஓரமும் ஒண்டுதான். எல்லாம் ஒரு பக்கத்தாலதான் வரும். அதுதான் கதிரை எனக்கு. … என்ன? … என்ட தலையைப் பாத்தா? … திருப்பிச் சொல்லு. … நான் தலை திருப்புற பக்கத்தைப் பாத்து, சத்தம் அங்க இருந்து வருதெண்டு அறியிறாரா. … பிறகு தனிய இருந்து அந்தப் பாட்டைப் போட்டு, முனீப் இங்க திரும்பினவன், இங்க திரும்பினவன் எண்டு நினைச்சுக் கேக்கிறாரா.

எனக்கு வெக்கமாக் கிடக்கு மச்சான். மனிசன் என்ட கழுத்தை வச்சுப் பாட்டுக் கேட்டிருக்கார், நான் அதை லஞ்சம் எண்டு நினைச்சன். … இல்ல, நீ ஒண்டும் சொல்லாத. கொஞ்சம் பொறு.

… பொறு. அந்தச் சல்லிப் படகு.

போன மாதம், துறைமுக வாயில, சல்லி ஊர்ப் பொடியன் ஒருத்தன்ட மீன் படகு நிக்கலஸ் அண்ணன்ட டக் போட்டில அடிபடப் பாத்துத் தப்பினது, தெரியும்தானே. அவன் இடப்பக்கத்தில நிண்டு விசில் ஊதினனான், கத்தினனான் எண்டு ஒபிஸில வந்து நிண்டு சொன்னான். நிக்கலஸ் அண்ணன் விசில் வலப்பக்கத்தில கேட்டது, அதுதான் சுக்கானை இடப்பக்கம் ஒடிச்சனான், படகு குறுக்கால பாய்ஞ்சது எண்டார். … ஓம். ஓம். இப்பதான் விளங்குது. படகு குறுக்கால பாயல்ல. அவருக்கு எல்லாமே வலப்பக்கம். நான் ஆரை நம்பினன் சொல்லு. அந்தப் பொடியனைப் பொய்யன் எண்டு ஏசி அனுப்பினது நான்.

… என்ன, கண்டும் காணாம இருக்கிறதா? அவர் பென்ஷன் போற வரைக்குமா? நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா நான் சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்திருப்பன். … ஓம், நான்தான் நோண்டினன். ஓம், நான்தான். அதுக்கென்ன செய்ய, தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? நாளைக்கு விடிய பெரிய கப்பலொண்டு உள்ள வருது. அதை இழுக்கப் போறது ஆரெண்டு நினைக்கிறாய்? … அவர்தான். போட்டது நான்தான். விடியப்பறம் அந்த வாயில எத்தினை மீன் படகு நிக்கும் எண்டு உனக்குத் தெரியும்.

… கூட்டாளிதான். இல்லையெண்டு நான் சொல்லல்ல. … ஜவ்பர், உன்ட மனிசி அங்க ஆரோட கதைக்கிறா? … ஒருத்தரோடயும் இல்லையா. ‘ஞானமலர் அக்கா’ எண்டு கேக்குதே. எனக்கு ரெண்டு காதும் வேலை செய்யுது மச்சான். … சொல்லிட்டாவா. … வேணாம், அவவை ஏசாத. அவ செஞ்சது சரிதான், ஆரும் ஒராள் சொல்லத்தானே வேணும்.

… இந்தா, இடையில கோல் வருது. நிக்கலஸ் அண்ணன். … என்ன சொல்லப் போறன் எண்டு எனக்கே தெரியாது. வை. … வையடா.

ஹலோ… ஓம் அண்ணன், முனீப்தான். … ஓம், சொல்லிட்டான். அவனோட கோவிக்காதீங்க, நான்தான் நோண்டி எடுத்தன். … இல்ல, வடையால ஒண்டும் இல்ல. அக்காவை அழ வேணாம் எண்டு சொல்லுங்க. … ஓம், சல்லிப் படகு. … உங்களுக்கும் அதே நினைப்பா. அப்ப ஏன் அண்ணன் என்னட்டச் சொல்லல்ல? … ஓம். … ஓம். பயமாத்தான் இருக்கும். … வேற வேலை? பாப்பம், கரையில ஏதாவது பாப்பம், நான் வாக்குத் தர மாட்டன். ஆனா முதல்ல ஒண்டு சொல்ல வேணும். நாளைக்கு விடிய…

… கேக்குதா? … கேக்கல்லையா? இவ்வளவு நேரமும் கேட்டதே. … நாளைக்கு விடிய நீங்க கப்பலுக்கு… ஹலோ? … ஹலோ, ஹலோ எண்டுகொண்டு இருக்காதீங்க அண்ணன், லைன் நல்லாத்தான் இருக்கு.

நிக்கலஸ் அண்ணன்… நீங்க போனை இடக் காதுக்கு மாத்திட்டீங்க.

… மாத்துங்க. … மற்றப் பக்கம் எடுங்க அண்ணன். … சரி. சரி, மாத்த வேணாம். அங்கேயே வச்சிருங்க. நான் இப்ப வெளிக்கிட்டு வாறன். வந்து உங்கட வலப்பக்கத்தில இருந்து சொல்றன்… வைக்கிறன்.