பதினாறு என்று எழுதினேன்

படம் பார்த்துவிட்டு வந்தால் யாரிடமும் பேசாமல் எழுத உட்கார்ந்துவிட வேண்டும். பேசிவிட்டால் சொல்ல நினைத்ததில் பாதி பேச்சிலேயே போய்விடும். பதினோரு வருஷமாக நான் அப்படித்தான். சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் போவேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பேன். ஞாயிறு மதியத்துக்குள் விமர்சனம் என் இணையதளத்தில் ஏறிவிடும். தளத்துக்குத் 'திரைக்குறிப்பேடு' என்று பெயர். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். பரவாயில்லை, அதிகம் பேர் பார்த்ததில்லை.

அதில் விளம்பரம் கிடையாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்து எழுதியதும் கிடையாது. கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, ஒரு காட்சி எந்த நொடியில் வெட்டப்படுகிறது, இதையெல்லாம் விளக்கி எழுதுவேன். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். எழுபத்தெட்டுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. இப்படி ஐந்நூற்று நாற்பது படங்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேர் வருவார்கள். அதில் பாதிப்பேர் வேறு எதையோ தேடி வழி தவறி வந்தவர்கள். வந்த வேகத்தில் போய்விடுவார்கள்.

என் மனைவி ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "நீங்க எழுதினதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள படத்தையே பாத்துட்டு வந்துடலாம்" என்பாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. என் மைத்துனனுக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாமா, இந்த வாரம் யாரை ஃபெயிலாக்கினீங்க?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வேலை கண் மருத்துவமனையில். ஒரு டாக்டர், வரவேற்பில் ஒரு பெண், நான், அவ்வளவுதான். டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் நோயாளிகள் என் அறைக்கு வருவார்கள். எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன், கண்ணின் அழுத்தம் பார்ப்பேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டால் இயந்திரம் கண்ணில் லேசாகக் காற்றை ஊதும். ஒரு எண் வரும். அதை நோயாளியின் அட்டையில் எழுதி உள்ளே அனுப்புவேன். இருபத்தொன்று வரைக்கும் கவலையில்லை. அதற்கு மேல் போனால், அதுவும் ஏற்கெனவே அழுத்த நோய் உள்ளவருக்குப் போனால், பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அழியும். வலி இருக்காது. பாதிக்கு மேல் போன பிறகுதான் அவருக்கே தெரியவரும். டாக்டருக்கு ஒரு நாளைக்கு எழுபது பேர். பழைய நோயாளி என்றால் அட்டையில் எண்ணைப் பார்த்துவிட்டு, "அதே சொட்டு மருந்தைத் தொடருங்க" என்று அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. பதினைந்து வருஷத்தில் என் எண் ஒரு தடவைகூடத் தப்பாக இருந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு என் தளத்தில் 'ஓரச்சீட்டு' என்ற பெயரில் ஒருவர் பின்னூட்டம் போட ஆரம்பித்தார். அவர் முதலில் எழுதியது ஒரு தாயையும் மகனையும் பற்றிய படத்துக்கு. தாய் தனியாகச் சமையலறையில் நிற்கும் நீண்ட காட்சியைப் பற்றி நான் இரண்டாயிரம் வார்த்தை எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவர் எழுதியது இது.

"சார் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு. மகன் போன பிறகு அந்த அம்மா பழக்கத்துல ரெண்டு தட்டு எடுத்துட்டு ஒண்ணைத் திரும்ப வைக்கிறாங்க பாருங்க. எனக்கு அங்கதான் தாங்கல. நீங்க கவனிச்சிருப்பீங்க."

நான் கவனித்திருக்கவில்லை. கேமரா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாராவாரம் வந்தார். எழுத்துப்பிழை மலிந்த நாலு வரி, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் "சார் சொன்னது சரி" என்றுதான் தொடங்குவார். பிறகு நான் பார்க்காத ஒன்றைச் சொல்வார். கொஞ்ச நாளில் அவருக்கு மற்றவர்கள் பதில் எழுதத் தொடங்கினார்கள். நாற்பது பேர் நானூறானார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒருவர் வெளிப்படையாக எழுதும்வரை. "மேலே இருப்பதைத் தாண்டி நேராகக் கீழே போங்கள், ஓரச்சீட்டு அண்ணன் அங்கே இருக்கிறார்" என்று எழுதியிருந்தார். அதை நாற்பத்திரண்டு பேர் விரும்பியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"அந்த ஓரச்சீட்டு இந்தப் படத்துக்கு என்ன சொல்லியிருக்காரு?"

"நான் இன்னும் போடவே இல்ல. அவர் எப்படிச் சொல்லுவாரு?"

"சரி, சீக்கிரம் போடுங்க. அவர் நல்லா இருக்குன்னு சொன்னா நாளைக்கு நானும் தம்பியும் போறோம்."

அவர் யார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க என்னிடம் வருவார். அறுபத்தாறு வயது, மனைவி இல்லை, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளோடு இருந்தார். இடது கண்ணில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. மீதியைச் சொட்டு மருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் என் அறையில் உட்கார்ந்தபடி போனை நீட்டினார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். என் தளம்.

"தம்பி, படம் பாப்பீங்களா? இந்தச் சார் எழுதுறதைப் படிச்சுப் பாருங்க. பெரிய படிப்பு படிச்சவர் போல. பாதி எனக்குப் புரியாது. ஆனா படிச்சுட்டுப் படத்தை நெனைச்சா வேற மாதிரி தெரியும். கீழ நானும் ஏதோ கிறுக்குவேன்."

"எந்தப் பேர்ல எழுதுறீங்கண்ணே?"

"ஓரச்சீட்டுன்னு. எப்பவும் ஓரத்துல உக்காந்துதான் பழக்கம், டிரைவர் சீட்டு மாதிரி" என்று சிரித்தார்.

அந்தச் சார் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் நேற்றே கேட்டீர்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். "தாடையை இங்க வைங்கண்ணே" என்றேன். அன்று பதினாறு வந்தது. பதினாறுதான் எழுதினேன்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறையப் பேர் படிக்கும் ஒரு இணையப் பத்திரிகையின் ஆசிரியர் அனுப்பியது. 'உங்கள் தளத்தைத் தொடர்ந்து படித்து வருகிறோம்' என்று ஆரம்பித்திருந்தது. அந்த முதல் வரியோடு நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. இரண்டாவது வரியில், ஓரச்சீட்டு என்பவரை வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்ல விரும்புவதாகவும் அவருடைய போன் நம்பர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்கள்.

தெரியாது என்று பதில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு டிரைவர் வந்தபோது இயந்திரம் இருபத்தொன்பது காட்டியது. மறுபடி பார்த்தேன், அதேதான். சொட்டு மருந்து வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. சிலருக்கு அப்படி ஆகும். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். அவர் தாடையைத் தாங்கியில் வைத்தபடியே, போன வாரம் பார்த்த படத்தில் ஒரு கிழவர் எப்படிக் கதவைச் சாத்துகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதி முடித்திருந்தேன். கதவைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அட்டையில் பதினாறு என்று எழுதினேன்.

பின்னூட்டத்தை மூடியிருக்கலாமே என்கிறீர்கள். மூடிப் பார்த்தேன். ஒரு வாரம் மூடி வைத்ததில் வருகை முப்பதுக்கு வந்துவிட்டது. திட்டிப் பதினெட்டு மின்னஞ்சல்கள் வந்தன. என் மைத்துனன் வேறு, "ஏன் மாமா கடையைச் சாத்திட்டீங்க?" என்றான். திறந்துவிட்டேன். அவர் இல்லாமல் என் தளத்துக்கு யாரும் வரவில்லை. அவர் இருந்தால் என்னிடம் யாரும் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் அவருக்கு எந்தத் தவறான மருந்தும் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு எண். இருபத்தொரு மாதத்தில் ஏழு தடவை. நடுவில் ஓரப்பார்வை சோதனை ஒன்று வந்தது. அதற்கு முந்தின வருஷத்துத் தாளையே தேதி மாற்றி அட்டையில் சேர்த்தேன். அதுவும் சின்ன வேலைதான்.

நாலாவது தடவை வந்தபோது நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"தம்பி, தியேட்டர் படியில ரெண்டு வாட்டி தடுக்கிட்டேன். முன்னைவிட இருட்டாப் போடுறாங்களோ?"

"வயசாகுதில்லண்ணே."

"அதுவும் சரிதான். கண்ணு?"

"பதினாறு. அப்படியே இருக்கு."

"உங்க கையில இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு அவர் எழுதுவது குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். குறையவில்லை. அடுத்த மாதம் வந்த ஒரு படத்துக்கு இப்படி எழுதினார். "இந்தப் படம் எனக்குச் சரியா தெரியல சார். வெளிச்சம் கம்மியா எடுத்திருக்காங்க போல. ஆனா அப்பா வீட்டுக்கு வர்ற செருப்புச் சத்தம் முதல்ல ஒரு மாதிரி, அம்மா செத்த பிறகு வேற மாதிரி. அப்புறம் வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் உள்ள வர்றாரு. முன்னாடி நிக்கமாட்டாரு." அதற்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். செருப்பு நின்றது. அந்தப் படத்துக்கு நான் நாற்பத்தொன்று போட்டிருந்தேன். அன்றைக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மனுஷன் கண்ணையும் விட்டுவிட்டு என் இடத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு தடவையும் முப்பத்தொன்று, முப்பத்துநாலு. பதினாறு, பதினாறு.

பிறகு பின்னூட்டம் நின்றது. போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை என்று ஏழாவது தடவை வந்தபோது சொன்னார். மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். அவள் டாக்டர் அறை வாசலில் நின்றபோது அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. மகளுக்கு நேரமில்ல. அந்தச் சார் எழுதுறதை நீங்க போன்ல படிச்சுக் காட்ட முடியுமா? தியேட்டருக்கும் போக முடியல. அவர் எழுத்துதான் இனிமே எனக்குப் படம்."

அன்றும் பதினாறு எழுதினேன், டாக்டரும் அதே மருந்தைத் தொடரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு தம்பி" என்றார். தளத்துக்கு மறுபடி நாற்பது பேர்தான் வந்தார்கள். அது எனக்கு உறுத்தவே இல்லை. நான் எழுதியதை முழுதாகக் கேட்கும் ஒரு ஆள் எனக்குக் கிடைத்திருந்தார். ஒன்பது ஞாயிறு படித்தேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டி யார் மேலும் இடிக்காத மனுஷர், பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் அதில் மோதி விழுந்தார். மகள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இடது கண் முழுதும் போய்விட்டது, வலது கண்ணில் சாவித் துவாரம் அளவு மிச்சம் என்றார்கள். பழைய அட்டையைக் கேட்டார்கள். ஏழு பதினாறுகளைப் பார்த்துவிட்டு இயந்திரத்தின் நினைவகத்தைத் திறக்கச் சொன்னார்கள். அப்படி ஒன்று அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது. நான் எழுதியதை அட்டை வைத்திருந்தது. இயந்திரம் பார்த்ததை இயந்திரம் வைத்திருந்தது.

ஆமாம், தெரிந்துதான் எழுதினேன். ஏழு தடவையும். என்ன ஆகும் என்று டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அந்தச் சாரும் தம்பியும் ஒரே ஆள்தானா என்று ஒரு தடவை கேட்டார், அதன் பிறகு வாயே திறக்கவில்லை என்றீர்கள். அதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். என்னுடைய ஒன்றைக் கேட்டு முடித்தால் அவர் எப்போதும் அப்படித்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

ஒரு வேண்டுகோள்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எனக்கு அரை மணி நேரம் போன் வேண்டும். மகள் போனை வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார்கள், அது அவர் முடிவாக இருக்காது. கண் தெரியாத மனுஷர், மேடம். நான் படிக்காவிட்டால் அவருக்கு யார் படம் காட்டுவார்கள்?