மடிக்கணினி பழுதானதன் காரணம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல், மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டியுள்ள எங்கள் வீட்டில், என் மகள் ஆன்மேரியின் மடிக்கணினி தீப்பிடித்து அவளுடைய இரு கைகளும் வெந்தன. அப்போது நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக இருந்ததால் போர்வைகள்கூட உலர்ந்திருந்தன.

உதவி ஆய்வாளர் அவர்களே, மறுநாள் நீங்கள் பதிவுசெய்த வாக்குமூலத்தில், கடைவீதியில் பழுதுபார்க்கும் சகாயராஜ் போலியான பேட்டரியைப் பொருத்தியதே விபத்துக்குக் காரணம் என்று இருக்கிறது. நான் கூறியதைத்தான் எழுதினீர்கள்; குறை உங்களுடையது அன்று. ஆனால் அது உண்மையன்று. நான் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பிழையான தாளின் கீழே அந்தோணியம்மாள் என்ற என் கையெழுத்து இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. ஆகவே திருத்தி எழுதுகிறேன்.

ஆன்மேரி என் ஒரே மகள். என் கணவர் காலமானபின் வீட்டில் நாங்கள் இருவர்தாம். அவள் இங்கிருந்தபடியே கணினி வழியாக மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துவந்தாள். காலையில் திருப்பலி, பின்னர் சமையல், பின்னர் அவளுடைய வகுப்பு, மாலையில் செபமாலை. ஒன்று மற்றொன்றோடு மோதியதில்லை. கோட்டக்குப்பத்திலுள்ள அவளுடைய தோழி ஒருத்தி, மஸ்கட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை இருப்பதாகச் சொன்ன பிறகே இந்த ஒழுங்கு குலைந்தது. நேர்முகத் தேர்வும் மாதிரி வகுப்பும் கணினி வழியாகவே நடக்கும் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் பிடிவாதம் வலுக்கும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததே.

சமையலறையில் ஒரு தம்ளர் நீரில் உப்பைக் கரைத்தேன். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை அதில் தோய்த்து, மடிக்கணினியில் சார்ஜர் செருகும் துளைக்குள் தடவினேன். அவள் குளிக்கும் நேரத்தில், நாள் தவறாமல் செய்தேன். விட்டுவிட்டுச் செய்கிற எந்த வேலையும் பயன் தராது.

பிறகு சார்ஜ் நின்று நின்று ஏறத் தொடங்கியது. அவள் பொறுமையாகக் காரணம் தேடினாள். கணினியை அணைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, மறுபடியும் இயக்கினாள். வேறு பிளக்கில் செருகிப் பார்த்தாள். புதுச் சார்ஜர் வாங்கினாள். ஏதோ ஒரு மென்பொருளை நீக்கித் திரும்பவும் நிறுவினாள். ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து விளக்கினாள். நான் அருகில் அமர்ந்து கேட்டேன். அவள் என்னிடம் அவ்வளவு பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாதிரி வகுப்பின் நடுவில் திரை அணைந்தது. பள்ளியார் வேறொரு நாள் தருவதாகச் சொன்னார்கள். அவள் கணினியைச் சகாயராஜ் கடைக்கு எடுத்துச் சென்றாள். நானும் உடன் சென்றேன். அவர் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.

“ஜன்னலாண்ட வெச்சிருந்தியாம்மா?”

“இல்லண்ணா. கவர் போட்டு பீரோவுக்குள்ளதான் வெக்கிறேன்.”

“பீரோ என்னா, கல்லறைக்குள்ள வெச்சாலும் நம்மூரு காத்து வுடாது. போன வாரம் கோயிலு மைக்கு இதே மாதிரிதான் பூத்துப் போயி வந்துச்சு. ஃபாதரு என்னமோ நான்தான் உப்பு போட்ட மாதிரி என்னியே மொறைக்கிறாரு.”

ஆன்மேரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வேறு ஊராக இருந்திருந்தால், பீரோவில் இருந்த பொருளுக்குள் இவ்வளவு உப்பு எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டிருப்பார். எங்கள் ஊரில் மின்விசிறி நின்றாலும், மிதிவண்டி துருப்பிடித்தாலும் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சகாயராஜ் துளையை மாற்றினார், பேட்டரியையும் மாற்றினார். அது நல்ல பேட்டரிதான். நான் என் வேலையைத் தொடர்ந்தேன். இம்முறை அடிப்பக்கத்து இடுக்குகளிலும் தடவினேன். மறுபடியும் சார்ஜ் ஏறாமல் போகவே, அவள் வயரை வளைத்து ஒரு புத்தகத்தால் அழுத்தி, எந்நேரமும் மின்சாரத்திலேயே வைத்திருந்தாள்.

விபத்துக்கு முந்தைய வாரம், அவள் கடவுச்சீட்டு வேலையாகப் புதுச்சேரி சென்றிருந்தபோது, சகாயராஜ் எங்கள் தெருவுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். கணினியைத் தூக்கிப் பார்த்தவுடன் வயரைப் பிடுங்கினார்.

“டீச்சர், அடியில பாருங்க, பேட்டரி வீங்கிடுச்சு. இத்த இனிமே கரண்டுல போடவே கூடாது. தங்கச்சி வந்ததும் கடைக்கு எடுத்தாரச் சொல்லுங்க. வெடிச்சிடுங்க.”

“சரிப்பா, சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. அவர் போனதும் வயரைப் பழையபடி செருகி, புத்தகத்தையும் அதன்மேல் வைத்தேன். அவர் வெடிக்கும் என்று சொன்னதை நான் மிகையாகக் கருதவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

பதினெட்டாம் நாள் இரண்டாவது மாதிரி வகுப்பு நடந்தது. அவள் அறைக்குள் பின்னங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாக இருந்தது. அடுத்த அறையில் இருந்த எனக்கு நகப்பூச்சைப் போன்ற இனித்த நெடி வந்தது. என்னவென்று புரிந்தது. கையில் இருந்த போர்வையின் முனைகள் சரியாகச் சேரவில்லை. அதைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

“அம்மா, வெளிய போங்க! வெளிய போங்கம்மா!”

எரிகிற கணினியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவள் என்னைக் கடந்து தோட்டத்துக்கு ஓடினாள். கீழே போட்டிருக்கலாம், சிமெண்டுத் தரைதான். நான் வீட்டுக்குள் இருந்ததால்தான் போடவில்லை என்று மருத்துவமனையில் அவள் சொன்னாள். அவளை நான் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

இப்போது அவளுக்கு நான்தான் தலை வாருகிறேன், முகம் கழுவுகிறேன், ஊட்டுகிறேன். மஸ்கட் பள்ளியார் அடுத்த கல்வியாண்டு வரை காத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். விரல்களுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும், விட்டுவிட்டால் இறுகிப்போகும் என்கிறார் மருத்துவர். நேற்று அவள் கேட்டாள்:

“அதுக்குள்ள வெரல் மடங்கிடும்ல?”

“வாயைத் திற.”

“சொல்லுங்கம்மா.”

“பேசிக்கிட்டே சாப்பிட்டா பொரையேறும்.”

ஆகவே, முடிவு செய்தவற்றை எழுதுகிறேன். சகாயராஜின் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்; அவர்மீது குற்றமில்லை. பயிற்சிக்கு இனி வரமாட்டோம் என்று மருத்துவமனைக்கு இன்று காலை நானே தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். பயிற்சியின்போது அவள் வலியில் துடிப்பதை ஒரு தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னை விசாரிக்க வருவதானால் பகல் உணவுக்குப் பிறகு வாருங்கள். விசாரணையை விரைவில் முடித்து, விளக்கு வைப்பதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நான் இல்லாவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.