நித்திரைக்குத் தோதான அறை

அறை பதினெட்டு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் மனிதனுக்கு ஒழுங்கான நித்திரை வராது. வெளிச்சமும் ஆகாது. இது நான் கண்டுபிடித்த விஷயமில்லை, நான் விற்கிற சாமான் பெட்டியின் வெளிப்புறத்திலேயே அச்சடித்திருக்கும். பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் இருக்கிற என் கடைப் பலகையில் ஃபோன் கடை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இப்போது ஃபோனைவிடப் படுக்கையறைச் சாமான்கள்தான் நன்றாக ஓடுகின்றன. தானாக மங்கும் பல்பு, மோட்டார் வைத்த திரைச்சீலை, ஃபோனுக்குக் கட்டுப்படும் ஏசி, மெத்தைக்கடியில் விரித்தால் நூற்றுக்கு இத்தனை என்று நித்திரைக்குப் புள்ளி போடும் விரிப்பு, இப்படி.

எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் முழுக்க ஒரு கதை உலாவுகிறது. றெமிஜியஸ், அதாவது நான், விற்ற சாமான் பழுது, அதனால்தான் ஐங்கரனுக்கு அந்தக் கதி வந்தது என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைத்தான். ஆனாலும் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சாமானில் ஒரு பழுதும் இல்லை. நான் சொன்னதை அது அச்சொட்டாகச் செய்தது.

முதலில் சுவாமியாரிடம் சொல்லத்தான் போனேன். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டதும் அவர், "றெமிஜியஸ், நல்ல நேரம் வந்தீர். என்ரை ஃபோன் சார்ஜ் ஏறுதில்லை, ஒருக்காப் பாரும்" என்றார். பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

ஐங்கரன் வன்னிப் பெடியன், முப்பது வயதிருக்கும். பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தான். விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை இழுக்கும் வண்டி ஓட்டுகிற வேலை. பரீட்சார்த்தத் தவணை முடிந்து வேலை நிரந்தரமானால், பதிவுத் திருமணம் செய்து கிளிநொச்சியில் விட்டுவந்த துஷ்யந்தியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அவனுடைய உலகமே அந்த ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விடியப்புறம் வேலை தொடங்குவதால் பின்னேரமே படுக்க வேண்டும். பாரிஸ் கோடையில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் கிடக்கிறதே, பாவம், எப்படிக் கண் மூடுவான்?

வேலை முடிந்து மத்தியானம் நேரே கடைக்கு வருவான். பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி தன் கொட்டாவியையும் துஷ்யந்தியையும் பற்றிக் கதைப்பான். எனக்கும் கதைக்க ஆளில்லை. என் மனைவி பிள்ளைகளோடு இலண்டனில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு நல்ல நித்திரை வருகிறதாம்.

நான்தான் கூசேன்வில் போய் அவன் அறைச் சுவரிலும் கட்டிலிலும் இந்தச் சாமான் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தேன். கடவுச்சொல் என்ன வைக்க என்று கேட்டேன்.

"அண்ணை, நீங்களே ஏதும் போட்டு வைச்சிருங்கோ. எனக்கு மறந்துபோம்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பிள்ளையின் பள்ளிக்கூட வலைத்தளம், எல்லாக் கடவுச்சொல்லும் என்னிடம்தான். ஒருவரும் பிறகு மாற்றுவதில்லை. எல்லாருக்கும் மடுக்கோயில் மாதாவின் பெயரை, மடுமாதா என்றே போட்டுவிடுவேன்.

மறுநாளே பெடியன் சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணை, தொண்ணூற்றிரண்டு! பள்ளிக்கூடத்திலை கூட நான் இப்பிடிப் புள்ளி எடுக்கேல்லை. துஷிக்குப் படம் எடுத்து அனுப்பிப்போட்டன்." அவள் அதை வீட்டில் எல்லாருக்கும் காட்டினாளாம். மாப்பிள்ளை நித்திரையில் கெட்டிக்காரன் என்று மாமனாரும் சந்தோசப்பட்டாராம்.

சில நாள் புள்ளி காட்ட வந்தான். பிறகு கிழமைக்கு ஒருதரம். பிறகு காணவில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. எனக்குக் கோபமில்லை. மனம் நொந்தது, அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் கடையில் ரோல்ஸ் கடித்தபடி என் ஃபோனைத் திறந்து, அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு, அவனுடைய ஏசியின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். மூன்று டிகிரிதான். அடுத்த நாள் மத்தியானம் ஐங்கரன் கடை வாசலில் நின்றான். பொய் சொல்லக்கூடாது, எனக்கு மெத்தச் சந்தோசமாக இருந்தது.

"ஐம்பத்தெட்டு அண்ணை. ஏன் இப்பிடி விழுந்துபோச்சு?"

"உடம்பு பழகவேணும் தம்பி. இரும், பிளேன்ரீ போடுறன்."

அதன்பிறகு அளவாகத்தான் செய்தேன். ஒரு நாள் திரைச்சீலையைக் கால்வாசி திறந்தேன். இன்னொரு நாள் பல்பை மெல்ல எரியவிட்டேன். அவன் நன்றாகத் தூங்கட்டும் என்று இடையிடையே ஒரு நாள் விட்டும் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கழற்றி எறியப் போகிறேன் என்றபோது புது விரிப்பு ஒன்றை இனாமாகக் கொடுத்தேன். "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் அண்ணை" என்று கண் கலங்கினான். அப்படி ஒரு சொல்லை என் சொந்தப் பிள்ளைகளே எனக்குச் சொன்னதில்லை.

தவணை முடிவதற்கு முதல்நாளும் வந்தான். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது, முகத்தில் மட்டும் வெளிச்சம்.

"நாளைக்கு ஒருநாள்தான் அண்ணை. கடிதம் கையிலை வந்தால், துஷி வந்திடுவாள். பிறகு இந்தப் பக்கம் அடிக்கடி வரக் கிடைக்காது, குறைநினைக்காதேங்கோ."

இதைச் சந்தோசமாகச் சொன்னான், பாருங்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் செய்தேன். திரைச்சீலையை முழுதாகத் திறந்தேன். ஏசியை நிறுத்தினேன். அவன் எழும்பித் திரும்பவும் மூட மூட, நான் திரும்பவும் திறந்தேன். கண் அயர்ந்திருப்பான் என்று தோன்றும்போதெல்லாம் பல்பை முழு வெளிச்சத்தில் போட்டேன். அவன் மூன்று தரம் எனக்கு ஃபோன் எடுத்தான். பொறுமையாக வழி சொன்னேன். அவன் நாளைக்கு என்ன வண்டி ஓட்டப்போகிறான் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் சாமானின்மேல் பழி போடுகிற ஆட்களுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

காலையில் அவன் வண்டியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். அவனோடு வேலைசெய்கிற, பெட்டி இறக்கிக்கொண்டு நின்ற ஷார்லோத் என்ற பெண்பிள்ளையின் இரண்டு காலும் நசிந்துபோயின. ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஐங்கரனை அன்றே வேலையால் நிறுத்தினார்கள். குடித்துவிட்டு ஓடினான் என்று கிளிநொச்சிவரை கதை போய்விட்டது. துஷ்யந்தியின் வீட்டார் பதிவை முறிக்கச் சொல்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயொரு தரம் உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன், எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் வீட்டார் சொல்கிறபடி செய்வேன் என்று அவள் ஐங்கரனுக்கு எழுதியிருந்தாள்.

ஷார்லோத்துக்கு நான் பூங்கொத்து அனுப்பினேன். ஐங்கரன் இப்போது நான் கடை திறக்கும்போதே வந்துவிடுகிறான். மத்தியானச் சாப்பாடும் என்னோடுதான். வேலை தேடு என்று நான் அவனை நெருக்குவதில்லை. பாசமாகத்தான் வைத்திருக்கிறேன், யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு காலையிலிருந்து ஃபோனைக் கையில் பிடித்தபடியே கடைக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்ட களை, அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். எத்தனை நாளைக்குப் பிறகு நிம்மதியான நித்திரை. நான் கடை விளக்கைக் குறைத்து, கதவுத் திரையை இறக்கி, ஃபோனை அவன் கையிலிருந்து மெல்ல எடுத்து வைத்தேன். துஷ்யந்தியின் அழைப்பு வந்தது. நித்திரை குழம்பிவிடுமே என்று சத்தத்தை நிறுத்தினேன். அழைப்பு வந்த அடையாளத்தையும் பிறகு அழித்துவிட்டேன், எழும்பியதும் பெடியன் வீணாகக் கவலைப்படக்கூடாது, பாருங்கள்.